மாமனுக்கு ஆகாத பல்

ராக்கப்பன் அண்ணனுக்கு போன் வருவதே அபூர்வம். வந்தாலும் கம்பத்து மருந்துக் கடையிலிருந்து வரும், செடிக்கு அடிக்கிற மருந்து வந்துவிட்டது, எடுத்துக்கொண்டு போ என்று. போன வருஷம் ஆடி மாதம் ஒரு நாள் வந்தது வேறு மாதிரி போன்.

சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கவாத்து வெட்டி ஒரு மாதமான திராட்சைக் கொடியில் தளிர் முழ நீளம் ஓடியிருந்தது. சாரல் காலத்தில் காற்றோட்டம் இல்லையென்றால் இலைக்கு அடியில் சாம்பல் நோய் பூத்துவிடும். அதனால் நானும் அவரும் பந்தலுக்கடியில் நின்று, வேண்டாத தளிரைக் கிள்ளிப் போட்டு வேண்டியதைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தோம். நாள் முழுக்க அண்ணாந்து நிற்கிற வேலை. சாயங்காலம் குனிந்து செருப்பை மாட்டினால் உச்சந்தலை வரை வலிக்கும். சுருளிப்பட்டியில் என் தோட்டமும் அவர் தோட்டமும் ஒட்டினாற்போல இருக்கின்றன. ஆள் கிடைக்காத காலத்தில் அவர் கொடியை நானும் என் கொடியை அவரும் பார்த்துக்கொள்வது முப்பது வருஷப் பழக்கம்.

போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில் மட்டும் "சரி ஆத்தா" என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, கட்டிய தளிரையே மறுபடி அவிழ்த்துக் கட்டினார்.

"யாருண்ணே?" என்று கேட்டேன்.

"சந்தனம் மக."

"என்ன சொன்னுச்சு?"

"எம்பல்ல போட்டோப் பிடிக்கணுமாம், அய்யாத்துரை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அதைப் பார்த்த பிறகு நானும் வாயை மூடிக்கொண்டேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சந்தனம்மாள் இவருடைய ஒரே தங்கை. கடமலைக்குண்டில் கட்டிக் கொடுத்திருந்தார். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. புருஷன்காரன் பிடிவாதமாக சிம்ரன் என்று பேர் வைத்தான். எட்டாம் மாதம் பிள்ளைக்குப் பல் வந்தது. கீழே வர வேண்டியது மேலே வந்துவிட்டது. மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வதுதான். சொல்வார்கள், கோயிலில் வைத்து ஏதோ சாங்கியம் செய்து கழிப்பார்கள், அடுத்த நிமிஷம் மாமன்காரன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பஞ்சுமிட்டாய் வாங்கப் போய்விடுவான். அவ்வளவுதான் சங்கதி.

இவர் சாங்கியத்துக்குக் கிளம்ப வேண்டிய வாரத்தில் இவருடைய பந்தல் விழுந்தது. காய் நிறைந்து கனத்துக் கிடந்த பந்தல், ஆடிக் காற்று. பதினெட்டுக் கல்தூண் வரிசையாகச் சாய்ந்தது. அதில் ஒன்று இவர் இடுப்பில். மதுரையில் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார், இன்றைக்கும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார். அந்தத் தூண்களை ஊன்றியவன் முக்கால் அடிக்கு மேல் குழி தோண்டவில்லை. நான் கண்ணால் பார்த்தவன், சொல்லவும் சொன்னேன். ஆனால் குழி தோண்டியவனை ஊரில் ஒருத்தரும் திட்டவில்லை. கடமலைக்குண்டில் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையைத்தான் திட்டினார்கள். இவரும் படுக்கையிலிருந்தே தங்கைக்குச் சொல்லி அனுப்பினார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வராதே என்று.

சந்தனம்மாள் ரோசக்காரி. பிள்ளையையும் கொண்டு வரவில்லை, தானும் வரவில்லை. மாமன் மடியில் உட்காரவைத்துச் செய்ய வேண்டிய காதுகுத்தைப் பங்காளி ஒருத்தன் மடியில் வைத்துச் செய்தாள். பிள்ளை பெரியவளானபோது மாமன் சீர் போகவில்லை. புருஷன் செத்த பிறகு முருங்கைக்காட்டுக் கூலிக்குப் போய்த்தான் அந்தப் பிள்ளையைப் படிக்க வைத்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

அந்தச் சாவுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். பிறந்த வீட்டுக் கோடியை அண்ணன்காரன் கையால் போட வேண்டும். கம்பத்தில் நல்ல சேலையாகப் பார்த்து எடுத்தார், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். தெரு முக்கு வரைக்கும் வந்தவர், பிரேதத்தின் தலைமாட்டில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "நீ கொண்டு போய்ப் போட்ரு அய்யாத்துரை" என்று சேலையை என் கையில் திணித்தார். நான் போட்டேன். அந்தப் பிள்ளை என் கையைப் பார்த்தது, பிறகு எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தது. எனக்கு அன்றைக்கு ராக்கப்பன் அண்ணன் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. திரும்பி வரும்போது ஆண்டிபட்டி தாண்டும் வரை பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த வருஷம் அவர் சம்சாரம் மூக்கம்மாளும் இறந்துபோனார். பிள்ளை குட்டி கிடையாது. காலையில் ஒரு தடவை உலை வைத்து, அதையே மூன்று வேளையும் சாப்பிடுவார். தண்ணீர் தேவைப்படாத நாளில்கூட மோட்டாரைப் போட்டுவிட்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஏன் என்று கேட்டால், "சத்தம் இருக்கட்டும்னுதேன்" என்பார். போன வருஷம் தைமாதம் சிம்ரனுக்குத் தேனியில் கல்யாணம் நடந்ததாக ஊரில் பேச்சு வந்தது. பத்திரிகையில் தாய்மாமன் என்று ஒரு வரி போடுவார்களே, அந்த வரியே இல்லையாம். அதைக் கேள்விப்பட்ட அன்று முழுக்க அவர் தோட்டத்தில் மோட்டார் ஓடியது.

அந்தப் பிள்ளைதான் இப்போது போன் போட்டிருந்தது. தேனியில் பல்லுக்கு ஸ்கேன் எடுக்கிற இடத்தில் அதற்கு வேலை. அங்கே வருகிற ஒரு டாக்டரம்மா, இடம் மாறி முளைத்த பற்களின் வடிவத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். சிம்ரனுக்கு அப்படி ஒரு பல் உண்டு. ரத்த சொந்தத்தில் இன்னொருவருக்கு இருந்தால் அதையும் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார். ராக்கப்பன் அண்ணனுக்கு மேல்வரிசையில் வலது பக்கம் கோரைப்பல் இருக்க வேண்டிய இடம் எனக்குத் தெரிந்த நாளிலிருந்து காலிதான். பீடி அந்தச் சந்தில்தான் நிற்கும்.

"போகணுமா அய்யாத்துரை?" என்றார் மறுநாள்.

"போகாம?"

"அது இருக்குற எடத்துக்குல்ல போகணும்."

"உங்களுக்கு வயசு அறுபத்தொண்ணுண்ணே. இனி அந்தப் பிள்ளை பார்த்துத்தேன் நீங்க சாகணுமா?"

"அதுக்கில்லடா" என்றார்.

வியாழக்கிழமை கிளம்பினோம். முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கம்பம் பஸ் ஸ்டாண்டில் பழக்கடைக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றார். ஆப்பிளை எடுத்தார், வைத்தார். மாதுளையை எடுத்தார், வைத்தார். "என்னத்தத் தூக்கிட்டுப் போயி என்ன முறைன்னு குடுக்குறது" என்று வெறும் கையோடு வந்து பஸ்ஸில் ஏறினார். உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஒவ்வொரு ஊரிலும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் சாரல்.

ஸ்கேன் சென்டர் மாடியில் இருந்தது. கதவைத் தள்ளியதும் கம்ப்யூட்டருக்கு முன்னால் சிம்ரன் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. எழுந்து நின்றபோது வயிறு தெரிந்தது. ஆறாவது மாதம் இருக்கும். ராக்கப்பன் அண்ணன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க" என்றது அந்தப் பிள்ளை. என்னைப் பார்த்துச் சொன்னதா, அவரைப் பார்த்துச் சொன்னதா என்று பிடிபடவில்லை. ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தது.

"பேரு?"

"ராக்கப்பன்."

"வயசு?"

"அறுவத்தொண்ணு."

அடுத்த வரியில் உறவு முறை என்று அச்சடித்திருந்தது. அதை அவரிடம் கேட்கவில்லை. தாய்மாமன் என்று தானே எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லித் திருப்பி வைத்தது. அவர் அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையெழுத்துப் போட நேரமானது.

"உள்ள சுபாஸ்ரீ எடுக்கும். இப்ப நான் மிஷின் பக்கம் போகக்கூடாது" என்றது சிம்ரன்.

சுபாஸ்ரீ என்ற சின்னப் பெண் அவரை உள்ளே கூட்டிப்போய் நிறுத்தியது. தாடையை ஒரு தட்டில் வைத்து, ஒரு குச்சியைக் கடிக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது. "அசையக் கூடாது தாத்தா, எச்சில் முழுங்கக் கூடாது." கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மிஷின் அவர் தலையை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. எதிர்க்காற்றில் கண்ணை மூடுவதுபோல மூடிக்கொண்டிருந்தார். அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

வெளியே வந்து, "இம்புட்டுத்தேனா?" என்றார்.

"எடுக்குறது இம்புட்டுத்தேன். இனிமேத்தேன் வேலை" என்றது சிம்ரன்.

அந்த வேலையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் அவர் தாடை சாம்பல் நிறத்தில், வெள்ளரிக்காயை அரிந்த மாதிரி மெல்லிய வெட்டு வெட்டாக வந்தது. ஒவ்வொரு வெட்டிலும் அந்த ஒரு பல்லின் விளிம்பை மட்டும் மவுஸால் சுற்றி வரைய வேண்டும். ஒன்றை வரைந்தால் அடுத்தது வரும். இருநூறு முந்நூறு இருக்கும் போலிருக்கிறது. சிம்ரன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக வரைந்துகொண்டே போனது. எங்கள் கொடி கட்டுகிற வேலைதான் ஞாபகம் வந்தது. முக்கால் மணி நேரம் அது அவர் பல்லையே பார்த்தது. ஒரு தடவைகூட முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு எட்டு மாதமானபோது நின்ற பார்வை, இன்றைக்குத்தான் மறுபடி கிடைத்திருக்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

வரைந்து முடித்ததும் அந்தப் பல் தனியாக, மஞ்சள் நிறத்தில், திரையில் வந்து நின்றது. டாக்டரம்மா வந்தார். உமாதேவி என்று பேர், நாற்பது வயது இருக்கும், நன்றாகப் பேசினார்.

"ஐயா, உங்க கோரைப்பல்லு விழவே இல்ல. அண்ணத்துக்குள்ள குறுக்காப் படுத்துக் கிடக்கு பாருங்க."

"அறுவது வருசமாவா?"

"அம்பது வருஷம்னு வச்சுக்கங்க. அது பாட்டுக்கு இருக்கு. வலி இல்லைன்னா தொட வேண்டாம்."

பிறகு இன்னொரு பல்லை அதற்குப் பக்கத்தில் கொண்டு வந்தார். அது நீல நிறம். "இது சிம்ரனோடது. போன வருஷம் எடுத்தோம்." இரண்டையும் திரையில் திருப்பித் திருப்பிக் காட்டினார். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. வேர் நுனி இரண்டிலும் தொரட்டி மாதிரி ஒரே இடத்தில் மடங்கியிருந்தது. ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்தினார். கொஞ்சம் முன்னப்பின்ன ஒட்டியது.

"நூத்திப் பதினாலு பேரு பல்லு அளந்திருக்கேன். இம்புட்டு ஒத்துப்போறது ரெண்டு இப்பத்தான் பாக்குறேன்" என்றார். "ரெண்ட மட்டும் வச்சு ஆராய்ச்சியில எதையும் அடிச்சுச் சொல்லக் கூடாது. ஆனா இந்தப் பல்லு உங்க வீட்டுப் பல்லுதான், ஐயா. உங்க தங்கச்சி வழியா இவகிட்ட வந்திருக்கு."

டாக்டரம்மா நல்ல மனசோடுதான் சொன்னார். அவருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. ராக்கப்பன் அண்ணன் எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றார். மஞ்சளும் நீலமும் ஒன்றாகக் கிடப்பதைக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். எந்தப் பிள்ளையின் பல்லுக்குப் பயந்து ஓடினாரோ, அந்தப் பிள்ளையின் வாயில் இருந்தது இவர் பல். அது அவருக்கு விளங்கிவிட்டது என்பது முதுகிலேயே தெரிந்தது.

மத்தியானமாகிவிட்டது. பின்பக்கத்தில் அவர்கள் சாப்பிடுகிற ஒரு சின்ன அறை இருந்தது. சிம்ரன் டிபன் பாக்ஸைத் திறந்து தக்காளிச் சோற்றை மூடியில் பாதி வைத்து எங்கள் பக்கம் தள்ளியது. அவித்த முட்டையை இரண்டாக வெட்டி அதையும் வைத்தது. மாசமாக இருக்கிற பிள்ளையின் சோறு, வேண்டாம் என்றேன். "சாப்பிடுங்க. காலையில எப்பக் கிளம்புனீகளோ" என்றது.

கொஞ்ச நேரம் மூன்று பேரும் சாப்பிட்டோம். அவர்தான் ஆரம்பித்தார்.

"எத்தனாவது மாசம் ஆத்தா?"

"ஆறு முடியப் போகுது."

"கட்டுச்சோறு..." என்று இழுத்தார். "ஏழாம் மாசம் பெறந்த வீட்ல இருந்து கட்டுச்சோறு ஆக்கிக் கொண்டாரணும்ல."

"கீழ மெடிக்கல் வச்சிருக்குற ராஜமணி அக்கா கொண்டு வர்றேன்னு சொல்லிட்டாக."

"நான் கொண்டாறேன் ஆத்தா. எனக்குச் சமைக்கத் தெரியும். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, எள்ளுச்சோறு எல்லாம் நானே..."

"வேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. இன்னொரு கரண்டிச் சோறு வேண்டாம் என்பதுபோலத்தான் சொன்னது. அவர் கை மூடியிலேயே நின்றுவிட்டது.

"டாக்டரம்மாவுக்கு வேணும்னுதேன் கூப்பிட்டேன்" என்றது சிம்ரன். "எனக்காகக் கூப்பிடல. அம்மா சொல்லும், எங்கண்ணனுக்கும் அந்த எடத்துல பல்லு இல்லன்னு. உங்களப் பத்தி அது ஒண்ணுதேன் எனக்குத் தெரியும்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"திட்டுனதில்ல. நீங்க வருவீகன்னு சொல்லிக்கிட்டு இருக்கும். காதுகுத்துக்கு வருவீகன்னுச்சு. நான் வயசுக்கு வந்தப்ப குச்சுக்குள்ள ஒக்காந்து உங்க சீருக்குத்தேன் பார்த்துக்கிட்டு இருந்தேன். தெருவுல ஆட்டோ சத்தம் கேட்டா அம்மா எந்திரிச்சுப் போயிப் பாக்கும்."

ராக்கப்பன் அண்ணன் அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லை, மூக்கிலிருந்து தண்ணீர் வடிந்தது. தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டார்.

"ஒன்னையப் பார்த்துப் பயந்தேன்னு நெனைக்கிற" என்றார். "பயமெல்லாம் மறு வருசமே போயிருச்சு ஆத்தா. எந்திரிச்சு நடந்துட்டேன், காய் வெட்டிட்டேன். பெறகு என்ன பயம். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றதுன்னு ஒரு வருசம் போச்சு. ஒரு வருசம் போனதுக்கே வெக்கப்பட்டு அடுத்த வருசம் போச்சு. அப்படியே போயிருச்சு."

"வெக்கப்பட்டுக்கிட்டு எங்கம்மாவுக்குக் கோடியக்கூட ஆளு கையில குடுத்து விட்டீக."

"ஆமா" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த ஆள் நான்தானே.

சிம்ரன் டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டே, அவரைப் பார்க்காமல், "எனக்குக் கூடப்பொறந்தவன் இல்ல" என்றது. "எம்பிள்ளைக்கு மாமன் கெடையாது. அதனால மேல்பல்லு வந்தாலும் கீழ்பல்லு வந்தாலும் யாரும் ஓட வேண்டியதில்ல. அது ஒரு நிம்மதி." பிறகு மணியைப் பார்த்தது. "மூணு மணிக்கு மேல பஸ்ல எடம் கெடைக்காது. கெளம்புங்க."

கிளம்பினோம். வாசல் வரைக்கும் வரவில்லை. படியிறங்கும்போது அவர் கால் இழுத்தது, நான் பிடித்துக்கொண்டேன். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "மூஞ்சி அப்படியே சந்தனம் மூஞ்சி" என்று மட்டும் சொன்னார்.

ஐப்பசி கடைசியில் நான் வேறு வேலையாகத் தேனிக்குப் போனபோது அந்த மாடிப்படி ஏறி விசாரித்தேன். பெண் குழந்தை என்று சுபாஸ்ரீ சொன்னது. வந்து சொன்னேன். எத்தனை கிலோ, சுகப் பிரசவமா, தாய்க்குப் பால் இருக்கிறதா என்று என்னைத் துளைத்தெடுத்துவிட்டார்.

"கேள்வியெல்லாம் எங்கிட்ட எதுக்குண்ணே? போயிப் பாருங்க."

"அது கூப்பிடலையே."

"அது எதுக்குக் கூப்பிடணும்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது, நன்றாகத் திட்டிவிட்டேன். மனுஷன் கேட்டுக்கொண்டு நின்றார். மறுநாள் பேத்தியைப் பார்க்கப் போகிறவர்போல முகம் மழித்து வெள்ளைச் சட்டை போட்டார். பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டார். இப்படி மூன்று தடவை எனக்குத் தெரிந்து நடந்தது. மூக்கம்மாள் இருந்திருந்தால் இழுத்துக்கொண்டு போயிருப்பார். கார்த்திகை, மார்கழி, தை என்று மாதம் போனது. ஒரு காய்ப்பு முடிந்து அடுத்த கவாத்தும் வெட்டியாயிற்று. ராத்திரி எட்டு மணிக்கு நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்போதுகூட அவர் தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த ஆனி மாதம், முதல் சாரல் விழுந்த வாரம். காய் மிளகளவு திரண்டிருந்தது. குலைக்குள் நெருக்கமாக நிற்கிற காயைக் கத்தரியால் நறுக்கிக் கழித்துக்கொண்டிருந்தோம். அவர் போன் அடித்தது. கையெல்லாம் பிசுபிசுப்பு, கட்டை விரலை வேட்டியில் துடைத்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டுக் கல்தூண் மேல் வைத்தார்.

"மாமா" என்றது சிம்ரன்.

அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

"சொல்லு ஆத்தா."

"பிள்ளைக்குப் பல்லு வந்திருக்கு."

அவ்வளவுதான் சொன்னது. சொல்லிவிட்டு அந்தப் பக்கம் சும்மா இருந்தது. பின்னால் குழந்தை ஏதோ கத்திக்கொண்டிருப்பது கேட்டது. எனக்கு நாக்கு நுனியில் கேள்வி வந்து நின்றது, எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் அடுத்து அதைத்தான் கேட்பார்கள். அவரைப் பார்த்தேன்.

மேலயா கீழயா என்று ராக்கப்பன் அண்ணன் கேட்கவில்லை. "நான் இப்பக் கெளம்புனா பதினோரு மணிக்கு வந்துருவேன். வீட்ல இருப்பியா ஆத்தா?" என்று கேட்டார்.

"இருப்பேன் மாமா."